வெளிக்கிடுதல்: திருக்கோவில் ஆடி அமாவாசைத் தீர்த்தத்தை முன்னிறுத்திய ஓர் ஆய்வு

ஈழத்துத் தமிழில் வெளிக்கிடுதல் என்ற வினைக்குப் பொருள் இரண்டு. குளித்து உடுத்து ஆயத்தமாவது ஒன்று. வீட்டைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கேற்றைத் தாண்டுவது மற்றது. "வெளிக்கிட்டாச்சா?" என்று முற்றத்திலிருந்து ஒருவர் கேட்கிறார். "ஓம், வெளிக்கிட்டாச்சு" என்று அறைக்குள்ளிருந்து பதில் வருகிறது. கேட்டவர் இரண்டாம் பொருளில் கேட்டார். சொன்னவர் முதலாம் பொருளில் சொன்னார், அதுவும் சட்டைக்கு ஊசிநூல் தேடத் தொடங்கியதைத்தான் சொன்னார். இருவரும் பொய் பேசவில்லை. ஆனாலும் நடுவில் ஒன்றரை மணித்தியாலம் காணாமல் போய்விடுகிறது. அது எங்கே போகிறது என்பதே இந்த ஆய்வின் வினா.

ஆய்வுக்களம், கல்முனையை அடுத்த பாண்டிருப்பிலுள்ள என் வீடு. நாள், 2024 ஆகஸ்ட் 4, ஞாயிற்றுக்கிழமை, ஆடி அமாவாசை. போகவேண்டிய இடம், தெற்கே ஏறக்குறைய 40 கிலோமீற்றரில் திருக்கோவில் சித்திரவேலாயுத சுவாமி கோயில் தீர்த்தம். மாதிரிக் குழு: நான், மனைவி, ஒன்பது, ஆறு, மூன்று வயதில் பிள்ளைகள் மூவர், மனைவியின் தாயாரான அம்மம்மா. ஆறு பேர் ஒரு மாதிரியா என்று புள்ளிவிபரவியல் படித்தவர்கள் கேட்கலாம். இந்த ஆறு பேரையும் ஒரு வேனுக்குள் ஏற்றிப் பார்த்துவிட்டு வந்து கேட்கட்டும்.

விடுமுறை பற்றி முதலில் சொல்லவேண்டும். இலங்கையில் முழுநிலவு நாளெல்லாம் போயா, கந்தோர் பூட்டு. அமாவாசைக்கு அப்படியொன்றும் இல்லை. ஆனால் 1966 முதல் 1971 வரை இந்த நாடு ஞாயிற்றுக்கிழமையைத் தூக்கி வைத்துவிட்டு, நிலவின் நான்கு கட்டங்களையும் போயா ஆக்கி, அந்த நாளையும் அதற்கு முந்திய நாளையும் வார விடுமுறையாக நடத்திப் பார்த்தது. அந்தக் கணக்கில் அமாவாசையும் விடுமுறைக்குள் வந்துவிட்டது. அம்மம்மா அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை. "எங்கட காலத்தில தீர்த்தத்துக்கு லீவு போட ஏலுமா போடாம ஏலுமா எண்ட கதையே இல்ல, சந்திரன் பார்த்துத் தந்தார்" என்பார். அதன் பிறகு அமாவாசை ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால்தான் உண்டு. 2024இல் விழுந்தது. "ஞாயிறுதானே, ஆறுதலா வெளிக்கிடுவம்" என்று சனிக்கிழமை இரவே என் மனைவி அறிவித்தார். விடுமுறை நாளில் வெளிக்கிடும் நேரம் நீளும் என்ற என் முதலாவது கருதுகோளுக்கு அப்போதே உயிர் வந்துவிட்டது.

முன்னோர் இத்துறையில் என்ன சொன்னார்கள்? அகத்திணையில் செலவழுங்குதல் என்றொரு துறை உண்டு. பொருள் தேடப் புறப்பட்ட தலைவன் தலைவியின் முகத்தைப் பார்த்துப் பயணத்தைத் தள்ளிப்போடுவது. உரைகாரர்கள் அதற்கு அன்பு காரணம் என்றார்கள். அவர்கள் காலத்துத் தலைவிக்கு மூன்று வயதுப் பிள்ளை இருந்ததா, அதற்கு ஒரு சப்பாத்து கிடைக்காமல் போனதா என்பது பாட்டுக்குள் வரவில்லை. புறத்திணைக்காரர் இன்னும் நடைமுறை தெரிந்தவர்கள். புறப்பொருள் வெண்பாமாலையில் உழிஞைப் படலம் குடைநாட்கோளில் தொடங்குகிறது. நல்ல நேரம் வந்துவிட்டது, அரசனால் இன்னும் புறப்பட முடியவில்லை என்றால், அவன் குடையை முதலில் அனுப்பிவைப்பது. அடுத்தது வாள்நாட்கோள், வாளை அனுப்புவது. படையெடுக்கப் போகும் மன்னனே குறித்த நேரத்துக்குப் புறப்பட்டதில்லை என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? அன்று காலை ஐந்து மணிக்கு நானும் என் மடக்குக் குடையைக் கொண்டுபோய்க் கேற்றடியில் சாத்திவைத்தேன். மரபு அறியாத பக்கத்து வீட்டுக்காரர், "என்ன, மழை வருமெண்டு சொன்னவங்களா?" என்றார்.

இனித் தரவுகள். 5.10க்குப் பெரியவள் முழுமையாக வெளிக்கிட்டுவிட்டாள். அதனால் அவளுக்கு வேலை இல்லை, வேலை இல்லாததால் முற்றத்து மண்ணில் வட்டம் கீறினாள், 5.25க்கு மறுபடி குளிக்கவேண்டியதாயிற்று. நடுவில் உள்ளவன் சித்திரைப் புதுவருடத்துக்கு வாங்கிய சேட்டைத்தான் போடுவேன் என்று நின்றான். ஏப்ரலுக்கும் ஆகஸ்டுக்கும் இடையில் அவன் வயிறு முன்னேறியிருந்தது, சேட் முன்னேறவில்லை. கடைக்குட்டி மட்டும் ஒரு சிக்கலும் இல்லாமல் வாசலுக்கு ஓடிவந்து, "நான் வெளிக்கிட்டிட்டன்" என்றான். தலையில் தொப்பி, காலில் வெளிச்சம் போடுகிற சப்பாத்து. நடுவில் ஒன்றுமில்லை. வெளிக்கிடுதலுக்கு மூன்றாவதாக ஒரு பொருளும் இருக்கிறது என்று இந்த ஆய்வு கண்டது அங்கேதான்: மனம் போய்விட்டால் வெளிக்கிட்டாயிற்று, உடுப்பு மறுகா வரும்.

பை ஒரு தனி அதிகாரத்துக்கு உரியது. கதிர்காமக் கொடியேற்றத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் சில வாரங்களுக்கு முன்பு இதே வழியால் நடந்துபோனார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து நடந்து வருகிறவர்களும் அதில் உண்டு. திருக்கோவிலில் தங்கி, பொத்துவில் தாண்டி, உகந்தையில் காட்டுக்குள் இறங்கி, குமணையும் யாலையும் கடந்து போகவேண்டும். யானை நிற்கிற காடு. தோளில் ஒரு பொட்டணி, கையில் ஒரு வேல், அவ்வளவுதான். நாங்கள் போவது தார் வீதியில் நாற்பது கிலோமீற்றர், மத்தியானம் சாப்பாட்டுக்குத் திரும்புவதாகத் திட்டம். அதற்கு எடுத்தவை: துவாய் ஆறு, மாற்றுடுப்பு ஆளுக்கு இரண்டு, கடைக்குட்டிக்கு நான்கு, தண்ணீர்ப் போத்தல், பிஸ்கட், சித்தாலேப, பழைய பேப்பர், காலியான சொப்பிங் பை பத்து, அம்மம்மாவின் தலையணை, தர்ப்பணத்துக்கு எள்ளும் தர்ப்பையும் செம்பும். இவற்றில் எனக்காக எடுத்தது எள்ளும் தர்ப்பையும்தான். அதை எடுத்து வைத்ததும் நானல்ல.

இந்த இடத்தில் முறையியலில் உள்ள ஒரு குறையை ஒப்புக்கொள்ளவேண்டும். ஆய்வாளர் அன்று ஒருவரைத்தான் உடுத்தினார், அது அவரே. ஐந்து மணிக்கு வேட்டி கட்டிக்கொண்டு முற்றத்தில் நின்று கைக்கடிகாரம் பார்த்தார், குறிப்பெடுத்தார், இரண்டு தரம் ஹோர்ன் மாதிரிச் சத்தம் போட்டார். உள்ளே ஒரே ஆள் தாயாருக்குச் சேலைக் கொசுவம் பிடித்து, மூன்று பிள்ளைகளுக்குத் தலை இழுத்து, அடுப்பை அணைத்து, விரதச் சமையலுக்கு மரக்கறி நறுக்கி மூடிவைத்துவிட்டு, கடைசியாகத் தன் சேலையை எடுத்தபோது மணி 6.20. அவர் தனக்கென்று எடுத்துக்கொண்டது பதினொரு நிமிடம். காணாமல் போன ஒன்றரை மணித்தியாலம் வேறெங்கும் போகவில்லை, அந்த நால்வரின் மேலேதான் உடுப்பாகவும் பொட்டாகவும் பவுடராகவும் இருந்தது.

வேன் வந்ததும் அப்போதுதான். ஐந்து மணிக்கு வரச்சொன்ன வேன் ஆறரைக்கு வந்தது. கல்முனைக்குடித் தம்பி ஓட்டுகிறவர். "எங்கே போனீர்?" என்று கேட்டேன். "அண்ணன், நீங்க அஞ்சி எண்டா நான் ஆறரை எண்டுதான் எடுப்பன். எங்கட வீட்டில பள்ளிக் கொடியேத்தம் பாக்கப் போறதும் இப்பிடித்தான். உம்மா எல்லாரும் வெளிக்கிட்டாச்சி எண்டு சொன்னாப் பிறகுதான் நான் இருந்து ஒரு பிளேன்டி குடிப்பன்" என்றார். அவர் சொன்ன பள்ளி கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளி. நாகூர் ஆண்டகை பெயரில் ஜமாதுல் ஆகிரில் கொடி ஏறினால் பன்னிரண்டு நாள் அந்தக் கடற்கரையில் சனம். அவர் வீட்டிலிருந்து அது நடந்து போகிற தூரம். ஆக, நேரத்தைத் தின்பது தூரமல்ல என்பதும் உறுதியாயிற்று. நான் ஆறு வருடமாகத் தேடிய சூத்திரத்தை ஒருவர் ஸ்டியரிங்கில் கை வைத்தபடி சொல்லிவிட்டதில் எனக்குச் சிறு மனவருத்தம் உண்டு.

எல்லாரும் ஏறிச் சப்பாத்துப் பூட்டிக் கதவைச் சாத்தியதும், "அம்மா, ஒண்டுக்கு வருது" என்றது ஒரு குரல். இது விதிவிலக்கு இல்லாத விதி என்பதால் விளக்கத் தேவையில்லை. 6.50க்குச் சில்லு உருண்டது.

வழியில் ஊர்கள் மாறிமாறி வரும். கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று. பள்ளிவாசல் மினாராவும் கோயில் கோபுரமும் வண்டியின் இரு பக்கமும் மாறிமாறி ஓடும். மேடையில் பேசுகிறவர்கள் இதைப் பிட்டும் தேங்காய்ப்பூவும் என்பார்கள். பசியில் இருக்கும் பிள்ளைக்கு அது உவமையாகப் படுவதில்லை. அந்தச் சொல்லை நான் வாயில் எடுத்ததும் நடுவில் உள்ளவன் பிட்டு கேட்டான். காரைதீவைக் கடக்கும்போது, இது விபுலாநந்த அடிகள் பிறந்த ஊர், யாழ் நூல் எழுதியவர் என்று பெரியவளுக்குச் சொன்னேன். "யாழ் எண்டா யாழ்ப்பாணமா?" என்றாள். பிள்ளை ஒரு வழியாக என்னோடு கதைக்கிறாளே என்று ஒலுவில் பல்கலைக்கழகம் தாண்டும் வரை விளக்கினேன். திரும்பிப் பார்த்தேன், தூங்கிவிட்டாள்.

தம்பிலுவில்லில் கண்ணகி அம்மனுக்குக் கை கூப்பி, திருக்கோவிலை எட்டியபோது தலை ஈரத்தோடு சனம் எதிரே வந்துகொண்டிருந்தது. சுவாமி கடலாடித் திரும்பிவிட்டார். நான் மனைவியைப் பார்த்தேன். "கடல் எங்க போகப்போகுது? அங்கதான் கிடக்கு" என்றார். வாதத்தில் பிழை பிடிக்க இடமில்லை.

கோயிலைப் பற்றி ஒரு வார்த்தை. மட்டக்களப்புத் தேசத்தின் தேசத்துக்கோயில்களில் ஒன்று. மட்டக்களப்புப் பக்கத்தார் இதே நாளில் மாமாங்கத்துக் குளத்தில் தீர்த்தமாடுவார்கள், எங்களுக்குக் கடல். தகப்பன் இல்லாதவர்கள் அன்று விரதம் இருப்பார்கள். எனக்குத் தகப்பன் இல்லை. எனவே வெறும் வயிற்றோடு வரிசையாகக் கடைகளைக் கடந்து போனேன். தும்பு முட்டாசு, ஐஸ்பழம், பலூன், பீப்பீ, கச்சான்.

கச்சானில் சற்று நிற்கவேண்டும். கச்சான் என்றால் எங்களுக்கு நிலக்கடலை. கச்சான் என்றால் காற்றும்தான். தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் அந்தப் பக்கத்தில் மழையைக் கொட்டித் தீர்த்துவிட்டு, இந்தப் பக்கம் இறங்கும்போது காய்ந்து சூடேறி வரும். ஆடி மாதம் அது அடித்தால் உதடு வெடிக்கும். ஒரே பருவத்தில், ஒரே வீதியில், ஒரே பெயரில் ஒன்று முகத்தில் அடிக்கிறது, மற்றது சுருளாக மடித்த கடதாசியில் கைக்கு வருகிறது. இரண்டுக்கும் வேர்ச்சொல் ஒன்றா என்பதை மொழியியலாளர் பார்த்துக்கொள்ளட்டும். தீர்த்தம் பார்த்ததற்கு அத்தாட்சி கச்சான்தான். வீடு திரும்பினால் அயலில் யாரும் "சாமி பார்த்தீங்களா?" என்று கேட்பதில்லை, "கச்சான் எங்க?" என்றுதான் கேட்பார்கள். ஆகவே அத்தாட்சியை மூன்று கிலோ வாங்கினோம். கடற்கரையிலேயே முக்கால் கிலோ அத்தாட்சி குறைந்துவிட்டது.

கடலில் பிள்ளைகளை முழங்காலுக்கு மேல் அம்மம்மா விடவில்லை. கடைக்குட்டியின் கையை அவர் விரலில் பிடிக்கவில்லை, மணிக்கட்டில் பிடித்தார். 2004 டிசம்பர் 26ஐ அவர் சுனாமி என்று சொல்வதில்லை. "கடல் வெளிக்கிட்ட நாள்" என்பார். இந்த வினைக்கு நான் தேடித் திரிந்த பொருள்களுக்குள் அதை வைக்க இடம் தெரியவில்லை. செம்பில் அள்ளிய தண்ணீரைப் பிள்ளைகளின் தலையில் ஊற்றி, "காணும், தீர்த்தம் ஆடியாச்சு" என்றார். நான் இடுப்பளவு தண்ணீரில் நின்று அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்தேன். அப்பா இருந்தபோது ஐந்து மணி என்றால் ஐந்து மணிக்கே சைக்கிளில் ஏறி நிற்பார். அம்மாவும் நாங்களும் உள்ளே இருப்போம். அந்தச் சைக்கிள் மணி எத்தனை தரம் அடித்தது என்பது அன்று திடீரென்று ஞாபகம் வந்தது. மகனுக்கும் என் ஹோர்ன் சத்தம் இப்படி ஞாபகம் வருமாயிருக்கும்.

திரும்பும் பயணத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. திரும்பும்போது யாரும் வெளிக்கிடுவதில்லை. ஈரத்துணியோடு விழுந்து தூங்குவார்கள். வீட்டில் இறக்கிப் பார்த்தபோது கடைக்குட்டியின் வெளிச்சச் சப்பாத்தில் ஒன்றைக் காணவில்லை. அவன் அழுத அழுகைக்கு விளக்கம் தர இந்த ஆய்வுக்குத் தகுதி இல்லை. கண்டுபிடித்துத் தருகிறேன் என்று வேன்காரத் தம்பியைத் தொலைபேசியில் சொல்லவைத்து, அதைக் காதில் கேட்டபிறகே தூங்கினான்.

மறுநாள் திங்கட்கிழமை காலை ஐந்து மணிக்குச் சத்தம் கேட்டு எழுந்து வந்தேன். கேற்றடியில் மூவரும் வரிசையாக நின்றார்கள். பெரியவள் நேற்றைய சட்டை, நடுவில் உள்ளவன் வயிறு தெரிகிற சேட், கடையன் தொப்பியும் ஒற்றைச் சப்பாத்தும். மடக்குக் குடையும் வைத்த இடத்தில் அப்படியே நின்றது.

"எங்க?" என்றேன்.

"வேன் வரும்தானே" என்றான் கடைக்குட்டி.

வேன் ஆறரைக்கு வந்தது.