தோற்கத் தெரிந்த மேலோர்க்கு ஒரு மாலை

ஜெயிக்க வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். தோற்பது என்று முடிவெடுத்து, வருடக்கணக்கில் அந்த முடிவிலிருந்து வழுவாமல் நிற்க அசாத்திய மன உறுதி வேண்டும். அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து அணிகளின் நிர்வாகிகளுக்கு அது வாய்த்திருக்கிறது. பெங்களூரை ஒட்டிய ஹெப்பகோடியில் இருந்தபடியே அவர்களுக்கு ஒரு மாலை சூட்டுகிறேன்.

அவர்களுடைய கணக்கின் அழகைப் பாருங்கள். டிராஃப்ட் முறைப்படி, கடைசியில் நிற்கும் அணிகளுக்கே அடுத்த ஆண்டின் சிறந்த இளைஞரைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு அதிகம். நலிந்தவனைத் தூக்கிவிட வந்த ஏற்பாடு இது. கை கொடுப்பார்கள் என்று தெரிந்தபின் தானே விழுந்து காட்டும் கூர்மை எத்தனை பேருக்கு வரும்? 1983-84 சீசனில் ஹூஸ்டன் அணி மீது அந்தச் சந்தேகம் எழுந்தது. அதைத் தடுக்க லீக் 1985-ல் முதல் தேர்வுக்குக் குலுக்கல் முறையைக் கொண்டுவந்தது. அதன் பிறகும் நிர்வாகிகள் மனம் தளரவில்லை.

பிலடெல்பியா அணியின் பொது மேலாளராக 2013-ல் வந்த சாம் ஹிங்கியை எப்படிப் புகழ்வது! கையில் இருந்த நல்ல ஆட்டக்காரர்களைக் கொடுத்து, வருங்கால டிராஃப்ட் தேர்வுகளை வாங்கிக் குவித்தார். மூன்று சீசன்களில் 246 ஆட்டங்கள்; வெற்றி 47, தோல்வி 199. ரசிகர்களிடம் பொறுமை கேட்டார், அவர்களும் கொடுத்தார்கள். 2016-ல் 13 பக்கக் கடிதம் எழுதிவிட்டு விலகினார். அந்த அணி 2016, 2017 இரண்டு ஆண்டிலும் முதல் தேர்வைப் பெற்றது. அதன் பிறகு 2025 வரை கிழக்குப் பிரிவின் இறுதிச் சுற்றைக்கூட எட்டவில்லை. பலனை எதிர்பாராமல் கடமையைச் செய்வது இதுதான்.

டல்லாஸ் நிர்வாகத்தின் துணிவு இன்னும் ஒரு படி மேல். 2023 ஏப்ரலில் அடுத்த சுற்றுக்குப் போகும் வாய்ப்பு அந்த அணிக்கு இருந்தது. சிகாகோவுடனான ஆட்டத்தில் கைரி இர்விங்கை உட்கார வைத்தார்கள். லூக்கா டான்சிச்சைக் கொஞ்ச நேரத்தில் வெளியே அழைத்துக்கொண்டார்கள். காரணம், அவர்களுடைய டிராஃப்ட் தேர்வு முதல் பத்துக்குள் வந்தால்தான் அவர்களிடம் தங்கும். தவறினால் நியூயார்க்குக்குப் போய்விடும். ஆட்டத்தில் தோற்றார்கள், தேர்வு தங்கியது. லீக் போட்ட அபராதம் ஏழரை லட்சம் டாலர். ஆனால் களத்தில் இறங்கியவர்கள் ஜெயிக்க முயலவில்லை என்று லீக் சொல்லவில்லை. நிர்வாகத்தின் பெருந்தன்மை இங்கேதான் தெரிகிறது. வேர்வை சிந்தும் வேலையை ஆட்டக்காரனுக்கு விட்டுவிட்டு, தோற்கும் பாரத்தை அலுவலகமே சுமந்துகொள்கிறது.

2012 லண்டன் ஒலிம்பிக் பாட்மின்டனில் இந்த நயம் இல்லை. காலிறுதியில் வசதியான எதிராளி வேண்டும் என்று சீன, தென் கொரிய, இந்தோனேசிய இணையர்கள் இறகுப்பந்தை வேண்டுமென்றே வலையில் அடித்தார்கள். எட்டுப் பேரும் வெளியேற்றப்பட்டார்கள். பாவம், மைதானத்திலேயே செய்துவிட்டார்கள். அலுவலகத்தில் செய்திருந்தால் அதற்கு ‘மறுகட்டமைப்பு’ என்று பெயர் கிடைத்திருக்கும்.

என்.பி.ஏ.வில் 2019-ல் கடைசி மூன்று அணிகளுக்கும் முதல் தேர்வுக்கான வாய்ப்பு சமமாக 14 சதவீதம் ஆனது. 2023, 2024, 2025 மூன்று ஆண்டிலும் மிக அதிகமாகத் தோற்ற அணிக்குக் கிடைத்தது ஐந்தாவது தேர்வு. 2025-ல் யூட்டா 65 ஆட்டங்களைத் தோற்று ஐந்தாம் இடத்துக்குப் போக, 1.8 சதவீத வாய்ப்பே இருந்த டல்லாஸ் முதல் தேர்வைத் தட்டிச்சென்றது. இவ்வளவுக்குப் பிறகும் தோல்வியின் மேல் நம்பிக்கை இழக்காத நிர்வாகிகளை வணங்காமல் இருக்க முடியுமா?

எங்கள் ஹெப்பகோடிக்கு இந்த ஞானம் இன்னும் வரவில்லை. பக்கத்துப் பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் உற்பத்தியைக் குறைத்த தொழிலாளிக்குப் புது இயந்திரம் பரிசாக வருவதில்லை. 2017 ஜூலையில் இதே பெங்களூரின் கண்டீரவா உள்ளரங்கில் கூடைப்பந்து ஆசியக் கோப்பைக்கு ஆடிய இந்தியப் பெண்களுக்கும் அது தெரியாது. சென்னையின் அனிதா பால்துரை இருந்த அந்த அணி, இரண்டாம் பிரிவு இறுதியில் கஜகஸ்தானை 75-73 என்று வென்றது. தோற்றிருந்தால் அவர்களுக்கு எந்தக் குலுக்கலிலும் எதுவும் விழுந்திருக்காது. அதனால் கடைசி நொடி வரை ஓடினார்கள்.

மாலை போட்டாயிற்று, இனி நேராகவே கேட்கிறேன். அணிகள் வேண்டுமென்றே தோற்கின்றனவா? ஆட்டக்காரர்கள் தோற்பதில்லை, தோற்கும்படி அணியை அமைப்பவர்கள் இருக்கிறார்கள். குளிர்காலத்தில் காலை ஐந்தரை மணிக்கு எழுந்து உட்காரும் எங்கள் தெருப் பையன் ஓர் ஆட்டத்தைப் பார்க்க எழுகிறான், நிர்வாகியின் வரவு செலவைப் பார்க்க அல்ல. அவனுக்கு உண்மையான ஆட்டம் தருவது லீக்கின் கடன். அபராதம் போட்டு இதை நிறுத்த முடியாது. தோல்விக்குப் பரிசு இருக்கும்வரை அதை வாங்க ஆள் வரும். அந்தப் பரிசை எடுத்துவிடுங்கள்.