நின்றால்தான் ஆடும்

2008ஆம் ஆண்டு அமெரிக்கக் கடலோரக் காவல்படை ஒரு முடிவுக்கு வந்தது. அலைச்சறுக்கு நடக்கும் இடத்தையும் குளிக்கும் இடத்தையும் தாண்டிவிட்டால், நின்றுகொண்டு துடுப்புப் போடும் பலகையும் சட்டப்படி ஒரு கலம்தான். அதில் போகிறவரிடம் லைஃப் ஜாக்கெட் இருக்க வேண்டும், விசில் இருக்க வேண்டும். முட்டுக்காடு உப்பங்கழியில் முதல்முறையாக அப்படியொரு பலகைமேல் மண்டியிட்டிருந்த வேளச்சேரி ஆடிட்டருக்கு இந்தச் சங்கதி தெரியாது. தெரிந்திருந்தால் தன்னைக் கேப்டனாக நினைத்துப் பூரித்திருப்பார். அந்த நேரத்தில் அவர் மண்டையில் ஓடியதெல்லாம், பேங்க் கணக்கில் நாமினி பேர் கொடுத்தோமா இல்லையா என்பதுதான்.

பலகை என்று பேரே தவிர, கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்குக் கொடுப்பது பெரும்பாலும் காற்றடைத்தது. சுமார் பத்தரை அடி நீளம், 32 அங்குல அகலம், ஆறு அங்குல கனம். மேல்பரப்பையும் கீழ்ப்பரப்பையும் ஆயிரக்கணக்கான நூல்கள் உள்ளே இழுத்துப் பிடித்திருப்பதால் பலூனாக உப்பிவிடாமல் தட்டையாக விறைத்து நிற்கும். 15 பிஎஸ்ஐ வரை காற்று ஏற்ற வேண்டும். கார் டயரில் பாதிதானே என்று கைப்பம்பைத் தொட்ட ஆடிட்டருக்கு, பாதிக்கு மேல் போனதும் பம்பின்மேல் வயிற்றைக் கவிழ்த்து அழுத்த வேண்டியதாயிற்று. தண்ணீரைத் தொடுவதற்கு முன்பே டீ ஷர்ட் தொப்பல்.

சொல்லிக்கொடுத்த தம்பி கோவளம் மீனவர் குடும்பத்துப் பையன். "மொதல்ல முட்டி போட்டே ஓட்டு சார். தண்ணி பழகட்டும், அப்பால எழுந்துக்கலாம்" என்றான்.

எழுவதற்கு ஒரு முறை இருக்கிறது. பலகையின் நடுவே தூக்குவதற்கான கைப்பிடி இருக்கும். அதற்கு இரண்டு பக்கமும் பாதங்களை இடுப்பளவு அகட்டி, விரல்கள் முன்னோக்கி இருக்க, முழங்காலை லேசாக மடக்கி, கண்ணைத் தூரத்தில் வைத்து எழ வேண்டும். ஆடிட்டர் எழுந்தார். கண் மட்டும் தூரத்துக்குப் போக மறுத்துக் கால் கட்டைவிரலிலேயே நின்றுவிட்டது. பத்து விரலும் பலகையைக் கவ்விக் கவ்வி வெளுத்திருந்தன. உள்ளங்கால் மரத்துப்போனது. "கீழ பாக்காத சார், நேரா பாரு!" என்ற குரல் கேட்டு நிமிர்ந்தவர், இந்தப் பலகையில் ஏறும் எல்லோரும் செய்வதையே செய்தார். துடுப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அசையாமல் நின்றார்.

அசையாமல் நின்றால் விழமாட்டோம் என்பது தரையில் சரி. தண்ணீரில் சும்மா நின்றால் பலகை இடதும் வலதுமாகப் புரளும். போய்க்கொண்டிருந்தால் அடங்கும். துடுப்பின் அலகு தண்ணீருக்குள் இருக்கும்வரை அது ஊன்றுகோலும்கூட. பயந்தவர் முதலில் நிறுத்துவது துடுப்பைத்தான். எனவே முதலில் விழுவதும் அவர்தான்.

"துடுப்பு போடு சார், நின்னா கவுத்துடும்" என்று தம்பி முடிப்பதற்குள் சார் தண்ணீரில்.

உப்பங்கழியில் பல இடங்களில் ஆழம் குறைவு. அதனால்தான் தலைகுப்புறப் பாயாமல், பலகையைவிட்டு விலகி, தொப்பென்று மல்லாக்க விழச் சொல்கிறார்கள். கணுக்காலில் கட்டிய கயிறு பலகையை ஓடவிடாது. ஆடிட்டர் கூவி, கையை வீசி, கொஞ்சம் உப்புத்தண்ணீரும் குடித்துவிட்டு எழுந்து நின்றபோது தண்ணீர் இடுப்புக்குத்தான் வந்தது.

தம்பிக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. அவன் தாத்தா சில மரங்களைக் கயிற்றால் கட்டி, அதன்மேல் மண்டியிட்டும் நின்றும் துடுப்புப் போட்டு, அலை தாண்டி மீன் பிடிக்கப் போனவர். அவர் போனால் மீன் வந்தது. இந்த சார்கள் காசு கொடுத்துவிட்டுப் போகிறார்கள், வெறுங்கையோடு திரும்புகிறார்கள். அந்த மண்ணின் பழக்கம் வீணாகிவிடவில்லை. இந்த விளையாட்டில் தேசியப் பட்டங்களை வென்ற சேகர் பச்சையும் கோவளத்துக்காரர்தான்.

ஊர் உலகம் சொல்லும் வரலாறு என்னவோ ஹவாயில்தான் ஆரம்பிக்கிறது. வைக்கிக்கி கடற்கரையில் அலைச்சறுக்குக் கற்றுக்கொடுத்த சிலர், கழுத்தில் கேமராவோடு பலகைமேல் நின்று துடுப்புப் போட்டபடி சுற்றுலாப் பயணிகளைப் படம் பிடித்தார்கள். 1990களில் லேர்ட் ஹாமில்டன், டேவ் கலாமா போன்றவர்கள் மவுயி தீவில் அதை மறுபடி கையில் எடுத்தார்கள். பிறகு புகழ் வந்தது, கூடவே பங்காளிச் சண்டையும் வந்தது. பலகை எங்களுடையது என்றது சர்வதேச அலைச்சறுக்குச் சங்கம். துடுப்பு எங்களுடையது என்றது கனூ கூட்டமைப்பு. 2020இல் விளையாட்டுக்கான நடுவர் மன்றம், ஒலிம்பிக் அளவில் நிர்வாகம் அலைச்சறுக்குக்காரர்களுக்கே, போட்டி நடத்துவதை இருவருமே செய்யலாம் என்று தீர்த்துவைத்தது. மேலே நின்று தள்ளாடுகிறவரை மட்டும் எங்களுடையவர் என்று எவரும் கோரவில்லை.

ஆடிட்டர் ஒருவழியாகத் துடுப்பை நிறுத்தாமல் போடப் பழகி, கொஞ்ச தூரம் நேராகவும் போனார். அதற்குள் வெயில் ஏறியது, கடல்காற்றும் ஏறியது. காற்றுக்கு எதிரே நிற்கிற ஆள், வேண்டாத இடத்தில் விரித்த பாய். அதனால் திரும்பும்போது மண்டியிட்டே வந்தார். அதுதான் முறையும்கூட. ஆனால் கரையில் இருந்தவர்களுக்கு அது தெரியாதே என்ற கவலை அவர் முதுகிலேயே தெரிந்தது.

நின்றிருந்த நேரத்தில் தம்பி எடுத்த படம் அன்றைக்கே வாட்ஸ்அப்பில் ஏறியது. துடுப்பின் அலகு தண்டிலிருந்து லேசாகச் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வு பலகையின் மூக்கை நோக்கி இருக்க வேண்டும். படத்தில் அது ஆடிட்டரை நோக்கி இருந்தது. விவரம் தெரிந்த ஒருவர் இதைச் சுட்டிக்காட்டியதும், ஆடிட்டர் யோசிக்காமல் படத்தை இடவலமாகத் திருப்பிப் போட்டார். இப்போது அவர் மகாபலிபுரத்துக்குப் பதிலாகச் சென்னைப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறார். துடுப்பு அப்படியேதான் இருக்கிறது.