தாயம் விழாமையும் தாங்க முடியாமையும்: கொங்குத் திண்ணைகளை முன்வைத்து ஓர் ஆய்வு

கோடை விடுமுறைக்கு அம்மிச்சி ஊர் வந்து சேரும் பேரப்பிள்ளைகளின் சண்டைகளில், மாம்பழத்தால் மூள்வனவற்றைப் புராணக்காரர்களே ஆராய்ந்துவிட்டனர். தாயத்தால் மூள்வன கேட்பாரற்றுக் கிடக்கின்றன. அக்குறை போக்க எழுந்ததே இக்கட்டுரை. ஆய்வுக்களம், அன்னூர் முதல் காங்கேயம் வரையிலான பழைய வீட்டுத் திண்ணைகள். ஆய்வுக்காலம், மதியச் சோற்றுக்கும் நாலு மணிக் காப்பிக்கும் இடைப்பட்டது.

முதலில் கருவி. பித்தளைத் தாயக்கட்டை இரண்டு. ஒவ்வொன்றிலும் நான்கு பக்கம். மூன்றில் 1, 2, 3 எனப் புள்ளிகள், ஒன்று வெறுமை. ஆக 16 விதமாக விழலாம். ஒரு கட்டையில் ஒற்றைப் புள்ளியும் மற்றதில் வெறுமையும் வந்தால்தான் தாயம்; அதாவது எட்டில் ஒரு வாய்ப்பு. அது விழாமல் காய் இறங்காது. எட்டு முறை உருட்டியும் தாயம் காணாதவர் நூற்றுக்கு 34 பேர் இருப்பர். நால்வர் ஆடும் திண்ணையில் ஒருவராவது மூஞ்சியைத் தூக்கி வைத்திருப்பது வளர்ப்பின் கோளாறு அன்று, வெறும் கணக்கு. கோவை அடுக்ககங்களில் செல்போன் லூடோ ஆடிப் பழகிய பிள்ளைகள் ஆறில் ஒரு வாய்ப்புக்கு மட்டுமே பொறுமை பயின்றவர்கள் என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

கோபம் படிப்படியாக ஏறும். முதலில் "அட கெரகமே" என்ற முணுமுணுப்பு. பிறகு கட்டையை உள்ளங்கையில் அரக்கித் தேய்த்தல். அதற்கும் மசியாவிட்டால் "அழுகுணி ஆட்டம்!" என்ற குற்றச்சாட்டு. கடைசியில் கால் தற்செயலாகப் பட்டுக் காய்கள் கலைதல்.

கவனிக்க: தன் காய் வெட்டுப்பட்டவன் இவ்வளவு கொதிப்பதில்லை. அவனுக்குப் பழிவாங்கும் வேலை இருக்கிறது. ஆட்டத்துக்குள்ளேயே நுழையாமல், அடுத்தவன் பழமேறுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவனே ஆபத்தானவன். ஆட்டம் நடத்துபவர் கண் வைக்க வேண்டியது அவன் மேல்தான்.

உலக அரங்கிலும் இதே சிக்கல் உண்டு. 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' கதையாட்டத்தில், ஆட்டத்தை நடத்துபவர் அட்டைத் தடுப்புக்குப் பின்னால் பகடை உருட்டுவது வழக்கம். நொந்துபோன ஆட்டக்காரருக்காக, விழுந்த எண்ணைக் கமுக்கமாக மாற்றிச் சொல்லலாமா என்பது அங்கே இன்னும் தீராத வழக்கு. கொங்கு நாட்டில் தடுப்பட்டை கிடையாது. அம்மிச்சிக்குக் கண்புரை உண்டு. வாசலில் போகிறவர் யார் வீட்டு மருமகள் என்று சொல்லும் அதே கண்ணுக்கு, வெட்டக்கூடிய தூரத்தில் நிற்கும் கடைக்குட்டியின் காய் மட்டும் தெரியாது. "போச்சாது, அடுத்த வாட்டி பாத்துக்கலாம்" என்று வேறு காயை நகர்த்திவிடுவார்.

ரொம்பச் சிறுசுகளுக்கு ஒப்புக்குச் சப்பாணி என்ற பதவி உண்டு: உருட்டலாம், நகர்த்தலாம், வெட்டுப்படாது. பத்து வயதைத் தாண்டியவனுக்கு இப்பதவியைக் கொடுத்தால் கலவரம் இரட்டிப்பாகும். அவனுக்கு அம்மிச்சி வேறு வழி வைத்திருக்கிறார். "எனக்குக் கை நோவுது சாமி, நீ உருட்டிக் குடு." அம்மிச்சியின் கட்டையும் அவன் கையில், கட்டம் எண்ணுவதும் அவன் பொறுப்பு. தன் காய் இறங்காமலேயே அவன் ஆட்டத்துக்குள் வந்துவிடுகிறான்.

கணிதவழித் தீர்வும் ஒன்றுண்டு. கட்டையை எடுத்து வைத்துவிட்டு, ஒரு பக்கம் தேய்த்து வெளுத்த நான்கு புளியங்கொட்டைகளைப் போட வேண்டியது. ஒன்று மட்டும் வெள்ளை காட்டினால் தாயம். இரு பக்கமும் சரிசமமாக விழும் என்று கொண்டால், நாலில் ஒரு வாய்ப்பு. எட்டு முறை போட்டும் தாயம் காணாதோர் நூற்றுக்கு 34இலிருந்து 10 ஆகக் குறைவர். பித்தளைக் கட்டையை வெள்ளிப் பாத்திரத்தோடு பீரோவில் பூட்டி வைக்கும் வீடுகளில் சண்டை குறைவது, திருட்டுப் பயத்தால் கிடைத்த உபரி நன்மை.

பெரியவர்களிடம் இவை எதுவும் செல்லாது. மாமாவுக்கு வெட்டு விழுந்தால் அவர் முணுமுணுக்கமாட்டார். காலால் கலைக்கவும் மாட்டார். தோட்டத்து மோட்டார் திடீரென நினைவுக்கு வரும். "கரண்டு வந்துருக்கும், தண்ணி உடோணும்" என்று வேட்டியை உதறி எழுவார். மும்முனை மின்சாரம் வரும் நேரம் அந்த வீட்டுப் பொடிசுகளுக்கும் மனப்பாடம் என்பதை அவர் மறந்துவிடுகிறார்.

"மாமா, கரண்டு வந்து ஒரு மணி நேரம் ஆச்சுங்!"