காணாக்கடி

தணிக்கை அலுவலகத்தில் முப்பத்தோரு வருஷமாகக் குப்பை கொட்டுகிறவன் நான். வாங்காத மோட்டாருக்கு வைத்த வவுச்சரை வாசனையிலேயே பிடித்துவிடுவேன். அப்பேர்ப்பட்டவனின் இடுப்பில், போன மார்கழியில் ஒரு ராத்திரி, எட்டணா அகலத்துக்கு ஒரு தடிப்பு எழும்பியது. சொறிந்தேன். அது ஒரு ரூபாய் ஆயிற்று. இன்னும் சொறிந்தேன். விடிவதற்குள் முதுகு முழுக்கச் சில்லறை.

“கொசுவா இருக்கும்” என்றாள் மனைவி, திரும்பிப் படுத்துக்கொண்டே.

காலையில் அம்மா பார்த்தாள். “காணாக்கடிடா இது. எதுவோ கடிச்சிருக்கு, எதுன்னு தெரியாது. வெத்தலையில நாலு மிளகை வெச்சு மென்னு முழுங்கு.”

எனக்குச் சிரிப்பு வந்தது. கடித்தது எது என்று தெரியாமலே வியாதிக்குப் பெயர் வைத்துவிடுவதா? எங்கள் அலுவலகத்தில் அறிக்கையை இப்படி எழுதினால் மெமோ வரும். அன்று சாயங்காலமே இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்கிக் கட்டம் போட்டேன்: நேரம், தின்றது, தொட்டது, தடிப்பின் எண்ணிக்கை, சந்தேகம்.

நம் ஊரில் யாருக்கு அரித்தாலும் முதலில் கைதாவது கத்திரிக்காய்தான். நானும் அதையே பிடித்து உள்ளே போட்டேன். இரண்டு மாதம் எங்கள் வீட்டுப் படியேற விடவில்லை. அரிப்பு ஒரு நாள்கூட லீவு எடுக்கவில்லை. அடுத்து பாகற்காய், பிறகு ரவா உப்புமா, பிறகு வெண்டைக்காய் மோர்க்குழம்பு. நெத்திலிக் கருவாட்டை மட்டும் சந்தேகத்தின் பலனை அளித்து விடுவித்திருந்தேன். சோப்பு மாறியது, துணி துவைக்கும் பவுடர் மாறியது, தலையணைகள் மொட்டைமாடி வெயிலில் அடி வாங்கின. தெருப்பூனைக்குப் பால் நிறுத்தப்பட்டது.

ஒரு நாள் நோட்டு மனைவி கையில் சிக்கியது.

“ஏங்க, உங்களுக்குப் பிடிக்காததெல்லாம் வரிசையா ஒத்துக்காமப் போயிருக்கு, சரி. தினம் நாலு மணிக்கு ஆபீஸ் வாசல்ல நின்னு திங்கிற பஜ்ஜி எந்தப் பக்கத்துல இருக்கு?”

இல்லை. அது எந்தப் பக்கத்திலும் இல்லை.

“ஜனவரி மாசம் ‘மச்சினர் வருகை, தடிப்பு 11’னு எழுதியிருக்கீங்க. எங்கண்ணன் வந்தாரு, போனாரு. அவரையா தின்னீங்க?”

‘தொட்டது’ என்ற கட்டத்தில்தான் எழுதியிருந்தேன், கை குலுக்கினாரே. இதைச் சொன்னால் ராத்திரி உப்புமா வரும் என்பதால் சொல்லவில்லை.

இந்த வியாதியின் கொடுமை அரிப்புகூட இல்லை. தடயம் வைக்காது என்பதுதான். ஒரு தடிப்பு பெரும்பாலும் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் வடுகூட விடாமல் மறைந்துவிடும். வேறு இடத்தில் வேறொன்று முளைக்கும். காலையில் தொடையில் பார்த்ததை மத்தியானம் ஒருவரிடம் காட்டப்போனால் நாம்தான் அசடு. தோல் டாக்டரிடம் எனக்கு டோக்கன் 27. காத்திருந்த இரண்டரை மணி நேரத்தில் என் உடம்பு கல்யாணத்துக்குப் புறப்பட்ட மாப்பிள்ளை மாதிரி பளபளவென்று ஆகிவிட்டது. வேறு வழியில்லாமல் செல்போனில் எடுத்து வைத்திருந்த படங்களைக் காட்டினேன். டாக்டர் என் மகள் வயதுப் பெண். முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் என் தொப்புளைச் சுற்றி வந்தார்.

பிறகு ஒரு மரக்குச்சியை எடுத்து என் முன்கையில் ஒரு கோடு இழுத்தார். சில நிமிஷத்தில் அது சிவந்து, வரப்பு மாதிரி எழுந்து நின்றது. ஆறு வாரத்துக்கு மேல் இப்படி வந்து வந்து போனால் நாள்பட்ட கணக்கில் சேர்ப்பார்களாம். தோலுக்கு அடியில் மாஸ்ட் செல்கள் என்று சில உண்டு. அவை ஹிஸ்டமினைக் கொட்டும்போது அரிப்பும் தடிப்பும் வருகின்றன. மாஸ்ட் என்ற பெயரை 1878-இல் வைத்தவர் பால் எர்லிக் என்ற ஜெர்மானியர். உள்ளே மணிமணியாக நிறைந்திருப்பதைப் பார்த்து, நன்றாகத் தின்று கொழுத்த செல்கள் என்று நினைத்துவிட்டார். ஜெர்மன் மொழியில் அந்தச் சொல்லுக்குத் தீனி போட்டுக் கொழுக்கவைப்பது என்று பொருள். இதை நான் வீட்டில் விளக்கியபோது மனைவி ஒன்றும் பேசவில்லை. என் வயிற்றை மட்டும் பார்த்தாள்.

நோட்டை டாக்டர் மேஜைமேல் வைத்தேன். நாலு பக்கம் புரட்டினார். “சாப்பாடு காரணம்னா, அதைச் சாப்பிடுற ஒவ்வொரு தடவையும் ஒண்ணு ரெண்டு மணி நேரத்துக்குள்ள வரணும் சார். வலி மாத்திரை ஏதாவது போடுறீங்களா?”

முழங்கால் வலிக்கு ஒன்று, வாரத்தில் மூன்று நாள். நோட்டில் ஏறவில்லை. மாத்திரை என்ன சாப்பாடா? ஆஸ்பிரின் வகையறா மாத்திரைகள் சிலருக்குத் தடிப்பைக் கிளப்பிவிடுமாம். இடுப்பில் இறுக்கிக் கட்டுவதும் கிளப்பும். என் வேட்டி பெல்ட் பத்து வருஷத்துக்கு முந்தைய இடுப்புக்கு வாங்கியது. சைஸ் மாற்றினால் தோல்வியை ஒப்புக்கொண்ட மாதிரி என்று கடைசி ஓட்டையில் மூச்சைப் பிடித்து மாட்டிக்கொண்டிருந்தேன். அதுவும் நோட்டில் இல்லை.

இரண்டையும் விட்டேன். அரிப்பு குறைந்தது; போகவில்லை. ரத்தம், தைராய்டு எல்லாம் சரி. இருநூறு பொருளுக்கு ஒரே அடியாக அலர்ஜி பார்க்கும் டெஸ்ட் எடுத்துவிடலாமா என்று ஆசையாகக் கேட்டேன். அவசியமில்லை என்றுவிட்டார். நாள்பட்ட தடிப்பில் பெரும்பாலோருக்கு வெளிக்காரணம் எதுவும் அகப்படுவதில்லை. பலருக்கு உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அந்தச் செல்களைச் சீண்டிவிடுகிறது. சில மாதத்திலோ சில வருஷத்திலோ தானாகப் போய்விடலாம். அதுவரை தினம் ஒரு மாத்திரை, அரித்தாலும் அரிக்காவிட்டாலும். உதடோ நாக்கோ வீங்கினால், மூச்சு முட்டினால் மட்டும் ஒரு நிமிஷம் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடச் சொன்னார். முப்பத்தோரு வருஷத்தில் இப்படி ஒரு தணிக்கைத் தடையை நான் பார்த்ததில்லை: குற்றம் நடந்திருக்கிறது, குற்றவாளி ஆபீஸ் ஆள்தான்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள், “என்னடா சொன்னா டாக்டரு?”

“காரணம் தெரியாதாம்மா.”

“அதைத்தானே நான் அன்னைக்கே சொன்னேன். நான் ஃபீஸ் கேட்டேனா?”

நோட்டில் மிச்சமிருந்த பக்கங்கள் பால் கணக்குக்குப் போயின. பூனைக்கு மறுபடி பால் ஊற்றுகிறோம். கோடு போட்டால் எழும்பும் என் தோலைத்தான் மனைவி விடவில்லை. காகிதம் கொடுத்தால் நான் தொலைத்துவிடுகிறேனாம். ஹேர்பின்னின் மழுங்கிய முனையால் முன்கையிலேயே சாமான் பட்டியல் எழுதி அனுப்புகிறாள். நேற்று மாத்திரை போட மறந்ததால் இன்று எழுத்து எடுப்பாக வந்திருக்கிறது: கத்திரிக்காய் அரை கிலோ, பிஞ்சாக.

அரை மணி நேரத்தில் அழிந்துவிடும். தென்னூர் உழவர் சந்தைக்குப் போய்விட்டு வந்துவிடுகிறேன்.