வில்சன் விடு தூது

மேலைநாட்டுப் பெயர்களில் கடைசியில் நிற்பது குடும்பத்தைச் சுட்டும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. அது ஆய்வுப் பொருளையும் சுட்டும் என்பது இக்கட்டுரையின் கருதுகோள். இதை நிறுவ முதலில் ஸ்மித்துகளை எடுத்தோம். கூட்டம் அதிகம் என்பதால் கைவிட்டோம். சுவிட்சர்லாந்தின் பெர்னூலிகள் ஒரே வீட்டுக்காரர்கள். அப்பன், பெரியப்பன், பிள்ளை எல்லோரும் கணக்கே போட்டதில் வியக்க ஒன்றுமில்லை. எஞ்சியவர்கள் வில்சன்கள். ஒருவருக்கொருவர் உறவில்லை, துறையிலும் ஒட்டில்லை. நமக்கு வேண்டியது இதுதான்.

பரப்பி வைத்துப் பார்த்ததில் புலனானது ஒன்று: எந்தத் துறைக்குள் நுழைந்தாலும் வில்சன் செய்வது தூது ஆராய்ச்சியே.

மூலவர் ஹோரஸ் ஹேமன் வில்சன். 1808இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராகக் கப்பலேறி வந்தவர். உலோக அறிவு இருந்ததால் கல்கத்தா நாணயச் சாலையில் அமர்த்தப்பட்டார். மருந்துப் பெட்டி மூடியே கிடந்ததோ என்னவோ, 1813இல் காளிதாசனின் மேகதூதத்தை ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்டார். 1819இல் சமஸ்கிருத அகராதி, 1832இல் ஆக்ஸ்போர்டில் பேராசிரியர் பதவி. இடையில் 1828இல், காலின் மெக்கன்சி தென்னாடு முழுவதும் திரட்டிய சுவடிகளுக்கு விவர அட்டவணை போட்டார். தமிழும் தெலுங்கும் அவருக்குத் தெரியாது. மெக்கன்சியின் உதவியாளர்கள் எழுதித் தந்த சுருக்கங்களை வைத்தே வேலை நடந்தது. சுவடி பேச, உதவியாளர் சொல்ல, வில்சன் எழுத, உலகம் அறிந்தது. தூதுக்கு இதைவிடத் துல்லியமான இலக்கணம் இல்லை. அச்சுவடிகளில் பெரும்பகுதி இன்று சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கிறது.

மேகதூதத்தில் யட்சன் தன் கண்ணுக்கெட்டாத மனைவிக்கு மேகத்தின் வழியே சேதி அனுப்புகிறான். 98 ஆண்டுகள் கழித்து இன்னொரு வில்சன் அதே மேகத்தை ஆய்வுக்கூடத்துக்குள் கொண்டுவந்தார். சார்ல்ஸ் தாம்சன் ரீஸ் வில்சன் ஸ்காட்லாந்துக்காரர். 1894 செப்டம்பரில் பென் நெவிஸ் மலையுச்சி வானிலை நிலையத்தில் இரண்டு வாரம் வேலை பார்த்தபோது, மேகத்தில் வெயில் காட்டிய வண்ண வளையங்களில் மனத்தைப் பறிகொடுத்தார். கேம்பிரிட்ஜ் திரும்பியதும் கண்ணாடிக் கலத்துக்குள் ஈரக்காற்றைச் சட்டென விரியவிட்டு மேகம் செய்யத் தொடங்கினார். அந்தக் கலத்துக்குள் மின்னூட்டம் கொண்ட துகள் பாய்ந்தால், அது போன தடத்தில் நீர்த்துளிகள் கோர்த்துக்கொண்டு வெள்ளைக் கோடாக நிற்கும். துகளைப் பார்க்க முடியாது. அது வந்து போன சேதியைத்தான் மேகம் சொல்லும். 1911இல் இந்தத் தடங்களைப் படம் பிடித்தார், 1927இல் நோபல் பரிசு. 1932இல் கார்ல் ஆண்டர்சன் பாசிட்ரானைக் கண்டுபிடித்ததும் இத்தகைய மேகக் கலத்தில்தான். நோபல் குழு காளிதாசனைக் குறிப்பிடாதது வருந்தத்தக்கது.

தமிழில் தூது விடத்தக்கவை பத்து: அன்னம், மயில், கிளி, மேகம், பூவை, தோழி, குயில், நெஞ்சு, தென்றல், வண்டு. இதில் எறும்பு இல்லை. இந்தக் குறையைப் போக்கியவர் எட்வர்ட் ஆஸ்பர்ன் வில்சன். சிறுவயதில் தூண்டிலில் சிக்கிய மீனின் முள் பட்டு வலக்கண் பார்வை போயிற்று. மிஞ்சிய கண்ணால் கிட்டத்தில் இருப்பதை நுணுகிப் பார்த்துப் பழகியவர் எறும்பிடம் போய்ச் சேர்ந்தார். நெருப்பெறும்பின் வயிற்றிலுள்ள சின்னஞ்சிறு சுரப்பி ஒன்றை எடுத்து நசுக்கிக் கோடு இழுத்தார். புற்றிலிருந்து எறும்புகள் கூட்டமாக வெளியேறி அந்தக் கோட்டிலேயே நடந்து, கோடு தீர்ந்த இடத்தில் திகைத்துச் சுற்றின. 1959இல் இதை அறிவித்தார். அனுப்பியவர் இல்லாமலே தூது வேலை செய்யும் என்பது பாட்டியல் இலக்கணத்தார் கவனிக்காத செய்தி. 1978இல் வாஷிங்டன் மாநாட்டு மேடையில், அவருடைய சமூக உயிரியல் கொள்கையை எதிர்த்தவர்கள் அவர் தலையில் தண்ணீர் ஊற்றினார்கள். இதை மேகத்தோடு முடிச்சுப்போடும் ஆசையை அடக்கிக்கொண்டோம்.

பத்தில் புறாவும் இல்லை. 1964இல் நியூ ஜெர்சியின் ஹோம்டெல்லில், பெல் ஆய்வுக்கூடத்தின் கொம்பு வடிவ ஆண்டெனாவில் ராபர்ட் உட்ரோ வில்சனும் ஆர்னோ பென்சியாஸும் ஓயாத இரைச்சல் ஒன்றைக் கேட்டார்கள். உள்ளே புறாக்கள் குடியிருந்தன. எச்சத்தைக் கழுவினார்கள்; அறிவியல் நாகரிகம் கருதி அதை ‘வெண்ணிற மின்கடத்தாப் பொருள்’ என்றே அழைத்தார்கள். புறாக்களைப் பிடித்துத் தொலைவுக்கு அனுப்பியும் அவை திரும்பிவிட்டன, கடைசியில் சுடப்பட்டன. இரைச்சல் போகவில்லை. 1380 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றிய அண்டத்தின் இளமைக்காலச் சேதி அது. 1978இல் இருவருக்கும் நோபல். தூதரைக் கொல்லலாகாது என்ற பழைய அரசநீதி இங்கே மீறப்பட்டிருப்பினும், அவை தவறான தூதர்கள் என்பதால் மன்னிக்கலாம்.

ஜேம்ஸ் க்யூ. வில்சன் 1982இல் ஜார்ஜ் கெல்லிங்குடன் எழுதிய கட்டுரையின் சாரம்: உடைந்த ஜன்னலை மாற்றாமல் விட்டால், இங்கே கேட்பார் இல்லை என்ற சேதி தெருவுக்குப் போகும். கருதுகோளுக்கு இவ்வளவு பணிவாக அடங்கியவர் வேறு யாருமில்லை.

அடங்காதவர்களும் உண்டு. ‘வில்சன் நோய்’ என்பதில் செம்பு வெளியேறாமல் கல்லீரலிலும் மூளையிலும் தேங்கும். 1912இல் விவரித்தவர் நரம்பியல் மருத்துவர் கின்னியர் வில்சன். செம்பின் பங்கு பின்னர்தான் உறுதியாயிற்று. இதில் தூது எங்கே என்று நெறியாளர் கேட்டார். மூலவர் மருத்துவராக வந்து உலோகத்தில் முடிந்தவர், இவர் மருத்துவம் பார்க்க அது உலோகத்தில் முடிந்தது என்றோம். நெறியாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒப்புதலாகவே கொள்கிறோம்.

கணிதத்தின் வில்சன் தேற்றம் ஒரு பகா எண்ணுக்கு முந்தைய எண்கள் அத்தனையையும் பெருக்கி ஒன்றைக் கூட்டினால், அந்தப் பகா எண்ணால் மீதியின்றி வகுபடும் என்கிறது. ஏழுக்கு 720 கூட்டல் 1. 721 என்பது ஏழு பெருக்கல் நூற்று மூன்று. ஜான் வில்சன் இதை நிறுவவில்லை. 1770இல் அவர் பெயரால் அச்சேற்றியவர் எட்வர்ட் வேரிங், மறு ஆண்டு நிறுவியவர் லக்ராஞ்ச். பல நூற்றாண்டு முன்பே இப்னு அல்ஹைதம் அறிந்தது வேறு. வில்சனோ கணக்கை விட்டு நீதிபதி ஆகிவிட்டார். தான் ஏதும் செய்யாமல் பிறர் வாயிலாகவே சேதி போய்ச்சேரச் செய்தவர் என்ற முறையில், இவரே தலைசிறந்த வில்சன்.

உண்மையான இடைஞ்சல் உட்ரோ வில்சன். முனைவர் பட்டம் பெற்ற ஒரே அமெரிக்க அதிபர் என்பதால் ஒதுக்கவும் முடியாது. ஜெஃபர்சன் காலம் முதல் அதிபர்கள் ஆண்டுரையை நாடாளுமன்றத்துக்கு எழுதியே அனுப்பிவந்தார்கள். 1913இல் இவர் நேரில் போய்ப் படித்தார். தூதை ஒழித்த வில்சன்! விதிவிலக்கு என்று அடிக்குறிப்பில் தள்ள நினைத்தோம், அடிக்குறிப்புக்கு இடமில்லை.

கன்னியாகுமரி மாவட்டத்தில் வில்சன் என்பது ஞானஸ்நானப் பெயர். பிள்ளைகளுக்கு அது வெறும் இனிஷியலாகச் சுருங்கிவிடும். கருதுகோள் அங்கே முழுப் பெயரளவில் பொருந்துமா, ஓரெழுத்தளவிலா என்பது களத்தில் பார்க்க வேண்டியது. பென் நெவிஸ், ஹோம்டெல், நாகர்கோவில் ஆகிய மூன்று இடங்களுக்கும் பயணப்படி கேட்டு விண்ணப்பித்திருந்தோம். மூன்றாவதற்கு மட்டும் பேருந்துக் கட்டணம், அதுவும் டிக்கெட்டை ஒட்டி அனுப்பினால், தரப்படும் என்று பதில் வந்திருக்கிறது.