ஆகுர்டி ஸ்கிரீன்ஷாட்களின் காலக்கணிப்பு

கல்வெட்டில் ஆண்டு சிதைந்திருந்தால் எழுத்தின் வடிவத்தைப் பார்த்தே நூற்றாண்டைச் சொல்லிவிடுவார்கள். அதே முறையை ஆகுர்டி ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள ஒரு ஜெராக்ஸ் கடையின் குப்பைக்கூடையில் பொருத்திப் பார்த்ததன் விளைவே இவ்வாய்வு. பொறியியல் மாணவர்கள் ஜர்னலில் ஒட்டுவதற்காக அச்செடுத்து, கோணலாக வந்ததென்று எறிந்துவிட்டுப்போன ஸ்கிரீன்ஷாட்களே சான்றுகள். எல்லாம் கறுப்புவெள்ளை.

அதில்தான் சிக்கல். 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியைப் பச்சை ஸ்டார்ட் பொத்தானை வைத்துக் குழந்தையும் சொல்லிவிடும். அச்சில் பச்சை சாம்பலாகிறது. ஆகவே வடிவமே துணை. பொத்தான் உருண்டையாக இருந்தால் விஸ்டா அல்லது ஏழு. இவ்விரண்டையும் பிரிக்க வலக்கோடிக்குப் போக வேண்டும்: கடிகாரத்தை ஒட்டி ஒரு வெற்றுப் பட்டை நின்றால் ஏழு. பொத்தானே காணோமென்றால் 2012இன் எட்டு. பழியைத் தாங்காமல் மறு வருடமே 8.1இல் திருப்பி வைத்துவிட்டார்கள். ஐகான்கள் கல்யாணப் பந்தி போல் நடுவில் கூடியிருந்தால் 2021இன் பதினொன்று.

வால்பேப்பரை நம்பக் கூடாது. சார்லஸ் ஓ'ரியர் 1996இல் கலிபோர்னியாவில் படமெடுத்த அந்தப் புல்மேடு எக்ஸ்பியின் முத்திரைதான். பழைய பாசத்தில் அதைப் பத்திலும் வைத்துக்கொள்கிறார்கள். இடைச்செருகல்.

தமிழனுக்கு ஒரு தனிச் சான்று உண்டு. என் பென்டிரைவிலுள்ள ‘அம்மா மாத்திரை’ என்ற கோப்பின் பெயர் ஏழு வரை லதா எழுத்துருவில் தெரியும், எட்டிலிருந்து நிர்மலாவில். கடைக்காரக் காகாவிடம் இதை விளக்கினேன். என் குடும்பத்தில் ஏதோ பிரச்சினை என்று நினைத்து டீ வாங்கிக் கொடுத்தார்.

கடிகாரமும் பேசும். வெவ்வேறு மாணவர்களின் மூன்று தாள்களில் ஒரே தேதி, ஒரே 11.47. உ.வே.சா. சுவடிகளை ஒப்புநோக்கியது போல வரிவரியாக ஒப்பிட்டேன். பெயர் ஒன்றில்தான் பாடபேதம். மூவருக்கும் பிழைகூட ஏழாவது வரியில்.

ஆனால் தலையாய சான்று திருட்டுப் பிரதியே. முறையாக வாங்கிய விண்டோஸ் திரையில் தன் பெயரைச் சொல்வதில்லை. காகாவின் கணினியோ வலப்பக்க மூலையில் ‘விண்டோஸ் 7, பில்டு 7601, இந்த நகல் அசலானதல்ல’ என்று ராஜராஜன் மெய்க்கீர்த்தி போலத் தானே அறிவித்துக்கொண்டிருந்தது. அதே அறிவிப்போடு கிடைத்த எட்டுத் தாள்களின் காலத்தை அந்த மூலையைக் கொண்டே ஐயமின்றி நிறுவினேன்.

தீபாவளிக்குக் காகா புதுக் கணினி வாங்கிவிட்டார், உரிமத்தோடு. எந்த விண்டோஸ் என்று கேட்டேன். ‘நல்லதுதான் போட்டிருக்கான்’ என்றார்.