பேஸ் அண்ணன்

லிட்டில் இந்தியா எம்ஆர்டி நிலையத்தில் சனிக்கிழமை மாலை அண்ணன் ரயிலேறுவார். முதுகில் ஆளுயரப் பை. இருக்கை காலியாக இருந்தாலும் உட்காரமாட்டார். பை இடிபட்டால் யார் பொறுப்பு? வீவக அடுக்குமாடி வீட்டில் பிள்ளைகளுக்கு ஒரே அறை. பேஸ் கிடாருக்கு மட்டும் ஈரப்பதம் ஏறாத தனிப் பெட்டி.

பெனின்சுலா ஷாப்பிங் சென்டரின் கிடார் கடைகளுக்கு அவரை நன்றாகத் தெரியும். எதை எடுத்துக் கொடுத்தாலும் நான்கு தட்டுத் தட்டிவிட்டு, "மரம் பேசலயே தம்பி" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்.

பேசும் மரம் நியூயார்க் புரூக்ளினிலிருந்து வந்தது. 1983இல் வின்னி ஃபோடெராவும் ஜோயி லாரிசெல்லாவும் தொடங்கிய பட்டறை. பேஸ் கலைஞர் விக்டர் வூட்டன் வாசிப்பதும் அவர்கள் செய்ததே. உயர்ரக மாடல்கள் 10,000 அமெரிக்க டாலரைத் தாண்டும். சிங்கப்பூரில் இறங்கியதும் 9 விழுக்காடு பொருள் சேவை வரி வேறு.

"கார் வாங்கலாம்னு சொன்னீங்களேங்க?" என்றார் மனைவி.

"காருக்கு வாங்குற சிஓஇ உரிமம் பத்து வருஷத்துல காலாவதியாயிடும்மா. இது ஆகாது."

கொடுத்த காசு முழுக்க வீண் என்றும் சொல்லிவிட முடியாது. ஐந்து தந்திக் கருவிகளில் தடித்த 'பி' தந்தி மலிவானவற்றில் தொளதொளக்கும். நல்ல பட்டறையில் கழுத்தும் ஃப்ரெட்டும் கையால் இழைக்கப்பட்டு அது கணீரென்று நிற்கும். அதற்கும் மேலே கொட்டுவதெல்லாம் மரத்தின் ரேகைக்குத்தான்.

மோடவுன் இசை நிறுவனப் பாடல்களின் முதுகெலும்பான ஜேம்ஸ் ஜேமர்சன் கையில் இருந்தது, ஆலையில் செய்து கடையில் விற்ற 1962 ஃபெண்டர் பிரிசிஷன். தந்தி அறுந்தாலொழிய மாற்றமாட்டாராம். இன்னொரு பேஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸ், ஃப்ரெட்டுகள் நீக்கிய பழைய ஃபெண்டர் ஒன்றின் விரல்பலகையில் படகுக்குப் பூசும் இபாக்சியைப் பூசிக்கொண்டார். இதையெல்லாம் எடுத்துச் சொன்னால் அண்ணன் அசரமாட்டார்: "அவங்க விரல் வேறப்பா!" (நாமும் அதைத்தானே சொல்கிறோம்?)

வீவக குடியிருப்பில் இரவு வெகுநேரமானால் சத்தம் கூடாது. வேலை முடிந்து வந்து, சாப்பிட்டு, பெட்டியைத் திறக்கும்போது மணி பதினொன்று. புரூக்ளின் மரம் பேசுவதெல்லாம் ஹெட்போனுக்குள்தான்.

வெளியே பேச வாய்ப்பு வருவது சிராங்கூன் சாலைப் பக்கத்துக் கல்யாண வரவேற்புகளில். ஒருமுறை, இளையராஜா பாட்டு தொடங்கும் நேரம் பார்த்து, கிடாருக்குள் இருந்த பேட்டரி தீர்ந்துவிட்டது. அண்ணன் திருப்புளி தேடி முடிப்பதற்குள் கீபோர்டுத் தம்பி இடக்கையாலேயே பேஸ் வாசித்து இரண்டு பாட்டை ஒப்பேற்றிவிட்டான். பிரியாணிப் பந்தியில் ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

இடைவேளையில் அண்ணன் அவனருகே போய் மெல்லக் கேட்டார்: "தம்பி, இந்தக் கீபோர்டு என்ன மாடல்?"